'அலை உயரம் 1.5 மீட்டர், 16 வினாடி' - கள்ளக்கடல் எச்சரிக்கையில் அந்த 'வினாடி' எதற்கு?

கன்னியாகுமரி, தூத்துக்குடி, ராமநாதபுரம் கடலோரப் பகுதிகளுக்குக் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை என்ற செய்தி வருடத்தில் சில முறையாவது உங்கள் மொபைலில் வந்திருக்கும். அதில் அலை எத்தனை மீட்டர் உயரம் எழும் என்று இருக்கும். "ஒன்றரை மீட்டர்தானே, என் மார்பு உயரம்தானே" என்று பலரும் அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள்.

உண்மையில் கடல் முன்னறிவிப்பில் உயரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண்ணும் இருக்கும். 8 வினாடி, 12 வினாடி, 16 வினாடி என்று. செய்தி எழுதும்போது நாங்களும் பல நேரம் உயரத்தைத் தலைப்பில் வைத்துவிட்டு, இந்த வினாடியை விட்டுவிடுகிறோம். ஆனால் கரையில் நிற்பவருக்கு ஆபத்தைச் சொல்வதில் அந்த வினாடிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அது என்ன வினாடி? அதை எப்படிப் படிப்பது? பத்தாம் வகுப்பு இயற்பியலில் மறந்துபோன 'அதிர்வெண்'ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

2024 மே 6-ல் என்ன நடந்தது?

கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே உள்ளது லெமூர் கடற்கரை. 2024 மே 6, திங்கட்கிழமை காலை அங்கே கடலில் இறங்கிய மருத்துவ மாணவர்களில் ஐந்து பேர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது.

அந்த நாட்களில் குமரிக் கடலில் புயல் எதுவும் இல்லை. அலைகள் உருவான இடம் வெகு தொலைவில் இருந்தது. ஏப்ரல் கடைசி வாரத்தில், இந்தியக் கரையிலிருந்து சுமார் 10,000 கிலோமீட்டர் தள்ளி, தெற்கு அட்லாண்டிக்கில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. அது தெற்கு இந்தியப் பெருங்கடலுக்குள் நகர்ந்து வந்து எழுப்பிய அலைகள்தான் மே முதல் வாரத்தில் கேரளா, குமரி கரைகளைத் தொட்டன.

காற்று இல்லை, மழை இல்லை, வானம் தெளிவு. அப்படியொரு நாளில் திருடன் மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் வருவதால்தான் கேரள மீனவர்கள் இதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர் வைத்தார்கள். 2012-ல் யுனெஸ்கோவும் இந்தச் சொல்லை அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது.

அதிர்வெண், அலைவுக் காலம்: ரெண்டும் ஒண்ணுதானா?

கரையில் ஒரு பாறையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அலையின் முகடு பாறையைத் தாண்டுகிறது. அடுத்த முகடு அதே பாறைக்கு வர எத்தனை வினாடி ஆகிறது? அதுதான் அலைவுக் காலம். எச்சரிக்கையில் வரும் '16 வினாடி' இதுதான்.

இதையே திருப்பிப் போட்டுக் கேட்டால், ஒரு வினாடியில் எத்தனை அலை பாறையைத் தாண்டுகிறது? அதுதான் அதிர்வெண். இதன் அலகு ஹெர்ட்ஸ். வானொலி அலைகள் இருப்பதைச் சோதனையில் நிரூபித்த ஜெர்மானிய இயற்பியலாளர் ஹென்ரிச் ஹெர்ட்ஸின் பெயர் அது.

ஒன்றை வைத்து இன்னொன்றைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். 1-ஐ அந்த எண்ணால் வகுக்க வேண்டும்.

அதிர்வெண் = 1 ÷ அலைவுக் காலம் (வினாடியில்)

16 வினாடி அலை என்றால் 1 ÷ 16 = 0.0625 ஹெர்ட்ஸ். அதாவது ஒரு வினாடியில் ஒரு முழு அலைகூட வராது, அலையின் பதினாறில் ஒரு பங்குதான் வரும்.

வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 50 சுழற்சி, ஒவ்வொன்றும் 0.02 வினாடி. சென்னையில் ரேடியோவை 101.4-ல் வைத்தால் அது மெகாஹெர்ட்ஸ், வினாடிக்கு 10 கோடியே 14 லட்சம் அலை. இந்த மாதிரி வேகமான அலைகளுக்கு ஹெர்ட்ஸில் பேசுவது வசதி. கடல் அலை மெதுவானது. அதற்கு 0.0625 என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. அதனால்தான் கடல் அறிக்கையில் அதிர்வெண்ணைத் தலைகீழாக்கி, வினாடியாகவே தருகிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். வினாடி கூடினால் அதிர்வெண் குறையும். அதிர்வெண் குறைந்தால் அலை 'பலவீனமாகிவிட்டது' என்று அர்த்தமில்லை. கடலில் பெரும்பாலும் நேர்மாறு.

நிமிஷத்துக்கு எத்தனை அலை?

ஹெர்ட்ஸ் வேண்டாம், நமக்குப் பழகிய நிமிடத்தில் பார்க்கலாம். ஒரு நிமிடத்துக்கு 60 வினாடி, ஒரு மணி நேரத்துக்கு 3,600 வினாடி, ஒரு நாளுக்கு 86,400 வினாடி. இந்த மூன்று எண்ணையும் அலைவுக் காலத்தால் வகுத்தால் போதும்.

உள்ளூர்க் காற்றில் எழும் 5 வினாடி அலை:
* நிமிடத்துக்கு 12
* மணிக்கு 720
* நாளுக்கு 17,280

தொலைவிலிருந்து வரும் 16 வினாடி அலை:
* நிமிடத்துக்கு 3.75, அதாவது நாலுக்கும் குறைவு
* மணிக்கு 225
* நாளுக்கு 5,400

கணக்கைப் பார்த்தால் 16 வினாடிக் கடல்தான் சாதுவாகத் தெரிகிறது. கரையிலும் அப்படித்தான் தெரியும். "அலையே கம்மியா இருக்கே" என்று தோன்றும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

அலை குறைவாக வந்தால் ஆபத்து ஏன் கூடுகிறது?

முதல் காரணம், அலையின் நீளம். ஆழ்கடலில் அலைநீளத்தைக் கணக்கிட எளிய வழி உண்டு. அலைவுக் காலத்தை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 1.56-ஆல் பெருக்கினால் மீட்டரில் விடை வரும்.

5 வினாடி அலை: 5 × 5 × 1.56 = 39 மீட்டர்.
16 வினாடி அலை: 16 × 16 × 1.56 = கிட்டத்தட்ட 400 மீட்டர்.

உயரம் இரண்டுக்கும் ஒன்றரை மீட்டர்தான். ஆனால் ஒன்று 39 மீட்டர் நீளம், மற்றொன்று 400 மீட்டர் நீளம். பின்னால் வரும் தண்ணீரின் அளவே வேறு. ஒரே உயரத்தில் 5 வினாடி அலையைவிட 16 வினாடி அலை ஆழ்கடலில் கொண்டுவரும் ஆற்றல் 3 மடங்குக்கும் அதிகம்.

இரண்டாவது, வேகம். ஆழ்கடலில் 5 வினாடி அலையின் முகடு மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 16 வினாடி அலையின் முகடு மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர். கரையை நெருங்கி ஆழம் குறையும்போது அலையின் வேகம் குறையும், நீளமும் சுருங்கும். பின்னால் வரும் ஆற்றல் நெருக்கப்படுவதால் உயரம் கூடும். ஆனால் அலைவுக் காலம் மட்டும் மாறாது. நடுக்கடலில் 16 வினாடி என்றால் கரையிலும் 16 வினாடிதான். அதனால்தான் அலை எங்கிருந்து வந்தது என்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம்.

மூன்றாவது, இழுவை. 5 வினாடி அலையில் தண்ணீர் கரைக்கு ஏறி இறங்குவது சட்டென்று முடிந்துவிடும். 16 வினாடி அலையில் தோராயமாக 8 வினாடி ஏறும், 8 வினாடி இறங்கும். முழங்கால் ஆழத்தில் நிற்பவரின் காலடி மணலைக் கரைத்துக்கொண்டு 8 வினாடி தொடர்ந்து இழுத்தால் நிற்க முடியாது. நீச்சல் தெரிந்தவரும் தடுமாறிப் போவார்.

நான்காவது, இடைவெளி. தொலைவிலிருந்து வரும் அலைகள் ஒரே சீராக வருவதில்லை, கூட்டம் கூட்டமாக வரும். சில பெரிய அலை, பிறகு சில நிமிடம் அமைதி, பிறகு மறுபடியும் பெரிய அலை. அந்த அமைதியான நிமிடங்களில் வந்து சேர்கிறவர்கள், "கடல் சும்மாதான் இருக்கு" என்று நம்பி இறங்கிவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம். அறிக்கையில் சொல்லும் 'அலை உயரம்' பொதுவாக உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. 1.5 மீட்டர் என்று போட்டிருந்தால் எல்லா அலையும் 1.5 மீட்டர் என்று அர்த்தம் இல்லை. நடுநடுவே அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்திலும் ஓர் அலை வரலாம்.

அவ்வளவு தூரத்திலிருந்து வர எத்தனை நாள் ஆகும்?

ஒரு தனி முகட்டின் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் என்று பார்த்தோம். ஆனால் அலைக்கூட்டமும் அதன் ஆற்றலும் ஆழ்கடலில் அதில் பாதி வேகத்தில்தான் நகரும். அதாவது 16 வினாடி அலைக்கூட்டத்துக்கு மணிக்கு 45 கிலோமீட்டர்.

கணக்குக்காக 6,000 கிலோமீட்டர் தூரம் என்று வைப்போம். 6,000 ÷ 45 = 133.33 மணி நேரம். இதை 24-ஆல் வகுத்தால் 5.56 நாள்.

இந்த 5.56-ஐ எப்படிப் படிப்பீர்கள்? '5 நாள் 56 நிமிடம்' என்றோ '5 நாள் 5 மணி நேரம்' என்றோ படித்தால் தப்பு. முழு எண்ணான 5 நாளைத் தனியே எடுத்துவிடுங்கள். 5 × 24 = 120 மணி நேரம். மிச்சம் 13.33 மணி நேரம். அதில் 0.33 என்பது 33 நிமிடம் இல்லை, மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20 நிமிடம். ஆக விடை 5 நாள், 13 மணி, 20 நிமிடம்.

பணத்தில் 5.50 என்றால் 5 ரூபாய் 50 பைசா. நேரம் அப்படி நூறு நூறாகப் பிரியாது, அறுபது அறுபதாகப் பிரியும். 1.5 மணி நேரம் என்பது 1 மணி 30 நிமிடம். 0.25 மணி நேரம் என்பது 15 நிமிடம். இது மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இந்த ஐந்தாறு நாள் அவகாசம்தான் நமக்குக் கிடைக்கும் பெரிய வாய்ப்பு. நீண்ட அலைவுக் காலம் கொண்ட அலைகள் வேகமாகப் போவதால் அவைதான் கரைக்கு முதலில் வந்து சேரும். உயரம் குறைவாக, வினாடி அதிகமாக அலை வரத் தொடங்கினால், பின்னால் பெரிய கூட்டம் வருகிறது என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது 'இன்காய்ஸ்', கடலில் மிதக்கும் அலை அளவிகளையும் கணினி மாதிரிகளையும் வைத்து இதைக் கண்காணித்து எச்சரிக்கை தருகிறது.

எச்சரிக்கையில் ஏன் எப்போதும் 5.30, 11.30?

'அதிகாலை 5.30 முதல் இரவு 11.30 வரை' என்று எச்சரிக்கைகளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். ஏன் சரியாக அரை மணியில் நிற்கிறது?

உலகம் முழுக்க வானிலை, கடல் கணக்குகள் யு.டி.சி. என்ற பொது நேரத்தில் நடக்கின்றன. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது. யு.டி.சி. 00:00 என்றால் நமக்கு அதிகாலை 5.30. யு.டி.சி. 18:00 என்றால் நமக்கு இரவு 11.30. கணினி மாதிரிகள் பொதுவாக இந்த நேரப் புள்ளிகளை ஒட்டித்தான் ஓடும். வெளிநாட்டு இணையதளங்களில் அலை முன்னறிவிப்பு பார்ப்பவர்கள் முதலில் அது எந்த நேரத்தில் போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால், ஆபத்து நேரம் முடிந்துவிட்டது என்று தப்பாக நினைத்துவிடலாம்.

அப்போ சுனாமி?

கள்ளக்கடல் வேறு, சுனாமி வேறு. கள்ளக்கடல் காற்றால் வருவது. சுனாமி பெரும்பாலும் கடலுக்கு அடியில் நிலநடுக்கத்தால் வருவது. வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளவும் அதே அலைவுக் காலம் உதவும்.

சுனாமியில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 10 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரைகூட ஆகலாம். 20 நிமிடம் என்றே வைப்போம். 20 × 60 = 1,200 வினாடி. மணிக்கு வெறும் 3 அலை. 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் அது மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர் வேகத்தில் போகும். நீளம் 200 கிலோமீட்டரைத் தாண்டும்.

2004 டிசம்பர் 26-ல் சுமத்ரா அருகே நிலநடுக்கம் ஏற்பட்ட நேரம் யு.டி.சி.-யில் 00:58:53. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் நேரம் காலை 6 மணி 28 நிமிடம் 53 வினாடி. தமிழ்நாட்டுக் கரைக்குச் சுனாமி வந்தபோது மணி கிட்டத்தட்ட 9. நடுவில் சுமார் இரண்டரை மணி நேரம் இருந்தது. எச்சரிக்கை சொல்ல அப்போது இந்தியாவில் சுனாமி மையம் இல்லை. இன்காய்ஸில் அந்த மையம் 2007-ல்தான் செயல்படத் தொடங்கியது.

20 நிமிட அலை என்றால் தண்ணீர் சுமார் 10 நிமிடம் ஏறிக்கொண்டே இருக்கும், பிறகு அதே அளவு நேரம் வடியும். வடிந்ததும் "முடிந்துவிட்டது" என்று கரைக்குத் திரும்பக் கூடாது என்று சொல்வது இதனால்தான். அடுத்த முகடு வர இன்னும் நிமிடங்கள் இருக்கின்றன. முதல் அலையைவிட அடுத்தது பெரிதாகவும் இருக்கலாம்.

நீங்களே எண்ணிப் பார்ப்பது எப்படி?

மணலில் தண்ணீர் தொடாத உயரமான இடத்தில் நின்றுகொண்டு மொபைலில் ஸ்டாப்வாட்சை எடுங்கள்.

1. ஒரு அலை உடையும்போது ஓட விடுங்கள். அந்த அலையைப் பூஜ்யம் என்று எண்ணுங்கள்.
2. அடுத்தடுத்த அலைகளை 1, 2, 3 என்று எண்ணி, 10-வது அலை உடையும்போது நிறுத்துங்கள்.
3. வந்த நேரத்தை முழுக்க வினாடியாக மாற்றி 10-ஆல் வகுங்கள்.

உதாரணமாக ஸ்டாப்வாட்ச் 2:40 என்று காட்டினால், கால்குலேட்டரில் 2.40 என்று போடாதீர்கள். 2 × 60 = 120, அதோடு 40 சேர்த்தால் 160 வினாடி. பத்தால் வகுத்தால் 16. தொலைவிலிருந்து வரும் அலை இது. 50 அல்லது 60 வினாடியிலேயே பத்து அலை முடிந்துவிட்டால், அது 5, 6 வினாடி அலை. பெரும்பாலும் உள்ளூர்க் காற்றில் எழுந்தது.

இது கடலைப் புரிந்துகொள்ள மட்டும்தான். 'எண்ணிப் பார்த்தேன், 8 வினாடிதான் வந்தது' என்று எச்சரிக்கையை மீறி இறங்குவதற்கு இல்லை. குறைந்த வினாடி அலையும் ஆளை இழுக்கும். தவிர, நீங்கள் எண்ணியது இரண்டு கூட்டங்களுக்கு நடுவே வந்த அமைதியான நேரமாகவும் இருக்கலாம்.

எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும்?

* எச்சரிக்கை முடியும் நேரம் வரை கடலில் இறங்க வேண்டாம். கால் நனைக்கவும் வேண்டாம். அலை தொடும் பாறைகளில் ஏறி நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம்.
* படகுகளை ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள். வலை, இன்ஜின் போன்றவற்றை மேட்டில் வையுங்கள்.
* தாழ்வான கரையோர வீடுகளில் இருப்பவர்கள் அதிகாரிகள் சொல்லும்போது தாமதிக்காமல் மாறுங்கள். கடல் ஏற்றமும் இந்த அலையும் ஒரே நேரத்தில் வந்தால் தண்ணீர் தெருவுக்குள் வரும்.
* யாராவது அலையில் சிக்கினால் பின்னால் குதிக்காதீர்கள். கயிறு, காலி கேன் போன்ற மிதக்கும் பொருளை வீசுங்கள். உடனே 112-க்கு அழையுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. இந்தியக் கடலோரக் காவல்படை எண் 1554.

அடுத்த முறை கடல் எச்சரிக்கை வரும்போது மீட்டரைப் படித்ததும் நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் வினாடி இருக்கிறதா என்று தேடுங்கள். அது 15-ஐத் தாண்டியிருந்தால், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் "இன்னைக்குக் கடலுக்குப் போக வேண்டாம்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். நாங்களும் இனி அந்த வினாடியைச் செய்தியில் விடாமல் எழுத முயற்சி செய்கிறோம்.